அம்மாவுக்காக நான் எழுதிய இங்கிலீஷ் மனு

இங்கிலீஷ்காரனுக்குக் கஷ்டம் வந்தால் மேலுதடு விறைத்துக்கொள்ளுமாம். ‘ஸ்டிஃப் அப்பர் லிப்’. மன்னார்குடியில் பி.யு.சி. படித்த வருஷம் இதை முதன்முதலாகக் கேட்டபோது யாருக்கோ பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். இடியே விழுந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் நிற்பதற்குத்தான் அந்தப் பேராம். எங்கள் தெருவில் கஷ்டம் வந்தால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவோம், மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி திட்டுவோம், மாரில் அடித்துக்கொண்டு அழுவோம், அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் உலை வைப்போம். உதட்டை விறைத்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம் இருந்தது?

முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். அந்த பாஷை எனக்குச் சோறு போட்டது, அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருஷம் அது என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் பரீட்சையில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கினேன். எங்கள் லெக்சரர் சைக்ளோஸ்டைல் செய்த இரண்டு தாளைக் கையில் கொடுத்து, “இதையாவது மனப்பாடம் பண்ணும்மா, பத்து மார்க் நிச்சயம்” என்றார். நெருக்கடியில் தாக்குப்பிடிக்கிறவர்கள், கெட்டிக்காரர்கள் பற்றிய சொற்றொடர்களாக நாற்பது இருந்தன. காலையும் சாயங்காலமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தபடி வருவேன். பதற்றப்படாதவள் வெள்ளரிக்காய் மாதிரி குளுகுளு என்று இருப்பாளாம். அசராமல் உழைக்கிறவன் மூக்கைச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்ப்பானாம். தைரியசாலி மாட்டைக் கொம்பில் பிடிப்பானாம். எங்கள் ஊரில் மாட்டை மூக்கணாங்கயிற்றில்தான் பிடிப்போம். கொம்பில் பிடித்தவனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்போம்.

கிண்டல் பண்ணினாலும் அந்த நாற்பதும் என்னைப் பிடித்துக்கொண்டன. பத்தொன்பது மார்க் வாங்கியவளுக்குத் திடீரென்று ஒரு ராஜ உடுப்பு கிடைத்த மாதிரி. அதிலும் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ‘சிங்கிள் ஹேண்டட்’. யார் துணையும் இல்லாமல், தன் ஒரு கையாலேயே ஒரு காரியத்தைச் சாதித்து முடிப்பது. அதைச் சொல்லும்போதே முதுகு நிமிரும் எனக்கு. அதுதான் என் காலை வாரியது. என் காலை மட்டும் என்றால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பேன். அம்மாவின் நிலமே போயிருக்கும்.

எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. தாத்தா காலம் வரைக்கும் பண்ணையாள். அப்பாதான் எப்படியோ ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு வாங்கினார். ஏக்கர் கணக்கில் ஒன்றே முக்கால்கூட வராது. நிலத்துக்காரர் பட்டணத்தில் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது அவருடைய காரியக்காரர். குத்தகை நெல்லை அளந்து போட்டால் “சரி, போ” என்பார், அவ்வளவுதான், ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் நாங்கள் கண்டதில்லை. அப்பா இரண்டு வருஷம் நெஞ்சுவலியோடு படுத்தே கிடந்தார். அந்த இரண்டு வருஷமும் அம்மாதான் விதை விட்டது, நட்டது, களை எடுத்தது, அறுத்தது. நான் காலேஜில் சேர்ந்த ஆனி மாதமே அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் காரியக்காரர் குடையோடு வந்து நின்றார். எழுபதுகளின் தொடக்கம் அது. ஆட்சி மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்காரர் பேரைப் பதிவு செய்யச் சொல்லிச் சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. சுவரெல்லாம் ‘உழுபவருக்கே நிலம்’ என்று எழுதியிருக்கும். கீழ்வேளூர்ப் பக்கம் கூலித் தகராறு, அடிதடி, போலீஸ் என்று தினம் ஒரு சேதி வரும். பேர் பதிந்துவிட்டால் அப்புறம் ஆளைக் கிளப்ப முடியாது என்று நிலத்துக்காரர்களுக்குப் பயம், பதியப் போனால் இந்தப் போகமே கிடைக்காதோ என்று எங்களுக்குப் பயம். அப்பா பயந்தே பதியாமல் விட்டுவிட்டார்.

காரியக்காரர் சுவரைக் காட்டி அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். “உழுபவருக்கே நிலம்னுதானே போட்டிருக்கு? உங்க வீட்டுல உழ ஆம்பளை யாரு இருக்கா? நீயா ஏர் பிடிக்கப் போற? பேசாம இந்த வருஷத்தோட விட்டுடு. பண்ணையிலேயே நாங்க சாகுபடி பண்ணிக்கிறோம். உனக்கு நடவு, அறுப்புன்னு கூலி வேலை குடுக்கிறோம்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெண்கள் ஏரைத் தொடக்கூடாது என்று வைத்தது யார்? நாங்களா? தொடவும் விடமாட்டார்கள், தொடவில்லை என்று நிலத்தையும் பிடுங்குவார்கள். காரியக்காரர் போனதும் அம்மா வைக்கோலில் கட்டியிருந்த விதைநெல் கோட்டையைப் பிரித்துக் காயப்போட ஆரம்பித்தாள்.

புரட்டாசியில் நடவு. எங்கள் தெருவில் அம்மாவோடு சேர்த்து ஏழு பெண்கள் ஒரு செட்டு. ஏழு வீட்டுக்கும் இரண்டு மா, மூன்று மா என்று கொஞ்சம் குத்தகை நிலம் உண்டு. உன் வயலில் நான் ஒரு நாள், என் வயலில் நீ ஒரு நாள் என்று ஆளுக்கு ஆள் வேலை செய்து கழித்துக்கொள்வார்கள். கூலி என்ற பேச்சே கிடையாது. அந்தச் செட்டுக்குப் பெரிய வாய் கோடிவீட்டு அத்தை. தெருக் கோடி வீடு, அதனால் அந்தப் பேர். அவள் பேசினால் காக்கா பறந்துவிடும். நடவன்றைக்குக் காரியக்காரர் வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு, யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு பேரும் பண்ணை அறுப்புக்குப் போய்த்தான் தை மாதத்தில் நெல் பார்ப்பவர்கள். ஆனாலும் ஆறு பேரும் இறங்கினார்கள். கோடிவீட்டு அத்தை முதல் நாற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, “கொடைக்குள்ள நிக்கிறவங்களுக்கு மழை எப்படித் தெரியும்?” என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஐந்து மாவும் பச்சையாகிவிட்டது. லீவு போட்டுவிட்டு நாற்றுக்கட்டு தூக்கிப் போட்ட நான் இதையெல்லாம் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்த பிறகுதான் அந்த மனுவை எழுதினேன், அதுதான் கொடுமை.

பேர் பதியச் சொல்லித் தாசில்தாருக்கு மனுக் கொடுக்க வேண்டும். விவசாயச் சங்கத்துக்காரர் ஒருத்தர், “தமிழ்லயே நாலு வரி எழுதிடலாம்மா, இப்ப எல்லாம் தமிழ்தானே” என்றார். நான் கேட்டால்தானே! “இங்கிலீஷ்ல எழுதினாத்தான் மதிப்பாங்க” என்று சொல்லிவிட்டு மூன்று பக்கம் எழுதினேன். நாற்பதில் பதினேழை உள்ளே திணித்துவிட்டேன். அம்மா சுவரில் முதுகு முட்ட நின்று போராடுகிறாள். அம்மா வெள்ளரிக்காய். அம்மாவின் மூக்கு சாணைக்கல்லில். உச்சகட்டமாக, கணவர் படுக்கையில் விழுந்த நாள் முதல் யாருடைய உதவியும் இன்றி சிங்கிள் ஹேண்டடாக ஐந்து மாவையும் சாகுபடி செய்துவருகிறாள் என்று எழுதி, அதற்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். அம்மா கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள். “என்ன எழுதியிருக்க?” என்று கேட்டாள். “ஒன்னைப் பத்திப் பெருமையா எழுதியிருக்கேன்” என்றேன். “பெருமை எதுக்குடி? நடந்ததை எழுதினாப் போதாதா?” என்றபடி கையெழுத்துப் போட்டாள்.

ஐப்பசி முதல் வாரம் தாலுகா ஆபீசில் விசாரணை. தாசில்தார் கண்டிப்பான ஆள், அதிகம் பேசமாட்டார். எங்கள் பக்கம் அம்மாவும் நானும் மட்டும். அந்தப் பக்கம் காரியக்காரரும் கறுப்புக் கோட்டு வக்கீலும். வக்கீல் என் மனுவைக் கையில் எடுத்து, ரொம்ப ரசித்துப் படிப்பது போல ஒரு முறை புரட்டினார். அப்புறம் நான் கோடு போட்ட வரியை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

“யாருடைய உதவியும் இல்லாம, தான் ஒருத்தியாவே சாகுபடி பண்றதா எழுதியிருக்கீங்க. ஏர் நீங்கதான் ஓட்டுறீங்களா?”

“இல்லீங்க. பொம்பளைங்க ஏர் தொடுறதில்லீங்க. ஆள் வச்சு ஓட்டுறேன்.”

“சரி. நடவு? ஐந்து மாவையும் நீங்க ஒருத்தியே நட்டீங்களா?”

அம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “அதெப்படீங்க முடியும்? ஒருத்தி நட்டு முடிக்கிறதுக்குள்ள நாத்து முத்திப்போயிடுமே.”

“அப்ப இந்த மனுவுல இருக்கறது பொய்?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் எதையோ கீழே போட்டு உடைத்துவிட்டேன், என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. வக்கீல் விடவில்லை. அது பண்ணைச் சாகுபடி, இந்தம்மா கூலிக்கு வந்த ஆள், அதனால்தான் மனுவில் உண்மையைச் சொல்ல முடியவில்லை என்று முடித்தார். தாசில்தார் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினார். இரண்டு வாரம் கழித்து நிலத்துக்கே வந்து பார்ப்பதாகவும், இந்தம்மாதான் சாகுபடி செய்கிறார் என்று சொல்லச் சாட்சி இருந்தால் அன்றைக்கு வயலுக்குக் கூட்டி வரும்படியும் சொன்னார்.

சாட்சி என்றால் அந்த ஆறு பேர்தான். ஆனால் நாங்கள் பஸ் பிடித்து ஊருக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. காரியக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து பரப்பிவிட்டிருந்தார். கோடிவீட்டு அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் எனக்காகவே நின்றாள்.

“ஏண்டி படிச்சவளே, ஒங்கம்மா தன் ஒருத்தியா நட்டான்னு எழுதினியாமே? அப்ப நாங்க ஆறு பேரும் வரப்புல குந்தி வெத்தலை மென்னுக்கிட்டிருந்தமா?”

அந்த இடத்தில் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கோ மூக்கு மேல் கோபம், அதுவும் தப்பு என் பேரில் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். “அது இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்லுவாங்க அத்தை. ஒங்களுக்குப் புரியாது” என்றேன்.

“இங்கிலீஷ்ல சொன்னா நாங்க செத்தா போயிடுவோம்?” என்றாள் அத்தை. அவள் விடுவிடு என்று வீட்டுக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். மற்ற ஐந்து பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் அம்மாவோடு பேசவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வாரம் வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா அவர்களிடம் போய்க் கேட்கவும் இல்லை, என்னைப் போகச் சொல்லவும் இல்லை. ஒரே ஒரு தடவை, அரிசி களைந்துகொண்டே, “நான் எப்படிடி போய் நிப்பேன் அவளுங்க முன்னாடி?” என்றாள். நான் போகலாம் என்று இரண்டு முறை கிளம்பி, கோடி வீட்டுப் படலைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன். வீம்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். புஸ்தகத்தைத் திறந்தால் அந்த நாற்பதும் பல்லை இளித்தன. சாட்சி இல்லாவிட்டால் நிலம் போய்விடும். நிலம் போனால் அம்மா அதே வயலில், காரியக்காரர் குடைக்கு எதிரில், கூலிக்குக் குனிந்து நட வேண்டும்.

இதற்கு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாமல் கொட்டித் தீர்த்தது. தாசில்தார் வருவதாகச் சொன்ன அன்று காலை மழை விட்டிருந்தது, ஆனால் வயலைக் காணோம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரே தண்ணீர். வரப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. நாற்று நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது. வடிகாலில் வெங்காயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் வடியாது, இரண்டு நாளில் பயிர் அழுகிவிடும். தெருவே திரண்டு வடிகாலில் இறங்கித் தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தது. கோடிவீட்டு அத்தையும் மற்ற ஐந்து பேரும் மார்பளவு தண்ணீரில் நின்றார்கள். அம்மாவும் இறங்கினாள். அம்மா பிடுங்கி நீட்டியதைக் கோடிவீட்டு அத்தை வாங்கிக் கரையில் எறிந்தாள். அம்மா முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும் வேலை நிற்கவில்லை, அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

பத்து மணிக்கு ஜீப் மேட்டிலேயே நின்றது. தாசில்தார் பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு நடந்து வந்தார். பின்னால் வக்கீலும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காரியக்காரரும்.

“இதுல எது அந்த அஞ்சு மா?” என்று தாசில்தார் பொதுவாகக் கேட்டார்.

காரியக்காரர் பையிலிருந்து வரைபடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்தப் பனைமரத்துலேருந்து... இப்படியே...” என்று குடையால் ஆகாயத்தில் கோடு போட்டார். தாசில்தார் அம்மாவைப் பார்த்தார். அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, “வாங்க, காட்டுறேன்” என்று தண்ணீருக்குள் நடந்தாள்.

எங்கும் நிற்கவில்லை, தடவிப் பார்க்கவில்லை. முழங்காலுக்குக் கீழே முழுகிக் கிடந்த வரப்பு மேலேயே நடந்தாள். “இது கெழக்கு வரப்புங்க. இங்கே நண்டு வளை போட்டிருக்கும், பாத்து.” வடக்கே திரும்பினாள். “இங்கதாங்க மடை. இந்த மூலை பள்ளம், இங்க மட்டும் நாத்தை நெருக்கி நடணும்.” ஐந்து மாவையும் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றாள். ஒரு அடிகூடப் பிசகவில்லை. பெருமை தாங்காமல் அவள் பின்னாலேயே போன நான், மூன்றாவது அடியிலேயே வரப்பைத் தவறவிட்டுத் தொபுக்கென்று பள்ளத்தில் விழுந்து சேறும் சகதியுமாக எழுந்தேன். வடிகாலிலிருந்து கோடிவீட்டு அத்தை, “ஐயையோ, காலேஜு கவுந்துடுச்சு!” என்று கத்தினாள். ஆறு பேரும் சிரித்தார்கள். இரண்டு வாரம் கழித்து எங்கள் பக்கம் வந்த முதல் சிரிப்பு அது.

ஆனால் வக்கீல் சிரிக்கவில்லை. “வரப்பு தெரிஞ்சா குத்தகைதாரர் ஆயிட முடியுமா சார்? கூலிக்கு நட்டவங்களுக்கும்தான் தெரியும். இவங்க கூலி ஆளுன்னுதான் நாங்களும் சொல்றோம்” என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. தாசில்தார் தலையாட்டினார். “சாட்சி யாரும் இருக்காங்களா?” என்று கேட்டார்.

அம்மா வடிகால் பக்கம் திரும்பவே இல்லை. காரியக்காரர் மட்டும் அந்த ஆறு பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். தை அறுப்பை ஞாபகப்படுத்துகிற பார்வை அது. யாரும் அசையவில்லை.

சேறு சொட்டச் சொட்டத் தாசில்தார் முன்னால் போய் நின்றேன்.

“சார், அந்த மனு தப்பு. எங்கம்மா எழுதலை, நான் எழுதினது. எங்கம்மா தனியா ஒண்ணும் செய்யலை. நடவன்னிக்கு அதோ நிக்கிறாங்களே, அந்த ஆறு பேரும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கூட நட்டாங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அவங்களை விட்டுட்டு எழுதினேன். பெருமைக்காக எழுதினேன். ஒரு பொம்பளை தனியா செஞ்சான்னு சொன்னாத்தான் ஒசத்தின்னு நெனைச்சேன். தப்பு சார்.” அப்புறம் வடிகாலைப் பார்த்துத் திரும்பி, இன்னும் சத்தமாக, “தப்பு அத்தை!” என்றேன். அதோடு அழுகை வந்துவிட்டது.

வக்கீல் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா சார், மனு பொய்யின்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.”

“இருங்கய்யா” என்று ஒரு குரல் வந்தது. கோடிவீட்டு அத்தை கரையைப் பிடித்து ஏறி வந்தாள். தலையிலிருந்து தாமரை வேர் தொங்கியது. அதை எடுத்து எறிந்துவிட்டுத் தாசில்தாரைப் பார்த்துக் கேட்டாள். “நாங்க நட்டதுக்குக் கூலி யாரு குடுத்தான்னு கேளுங்க.”

“யாரு குடுத்தாங்க?”

“யாரும் குடுக்கலைங்க. இந்த வயல்ல நான் நட்டேன்னா, என் ரெண்டு மாவுல இவ வந்து நட்டுக் கழிச்சா. இவ மூணு வருஷமா அப்படித்தான். தன் கையில நெலம் இருக்கிறவகூடத்தாங்க நாங்க இப்படி மாத்திக்குவோம். பண்ணை வயலா இருந்தா நாங்க ஏன் சும்மா எறங்கப் போறோம்? எங்களுக்கு என்ன பைத்தியமா? பண்ணை கூலிய வாங்கிட்டுத்தானே போவோம்!”

தாசில்தார் பேனாவைத் திறந்தார். காரியக்காரர் பக்கம் திரும்பினார். “பண்ணைச் சாகுபடின்னீங்க. இந்த நடவுக்கு யாருக்குக் கூலி குடுத்தீங்க?”

“ஆளுங்களுக்குங்க.”

“எந்த ஆளுங்க?”

காரியக்காரர் குடையால் தண்ணீரைக் கிளறினார். நடவு நட்ட ஆறு பேரில் ஒருத்தி எதிரே நின்றாள், மற்ற ஐந்து பேரும் அதற்குள் ஒவ்வொருத்தியாகக் கரை ஏறிக்கொண்டிருந்தார்கள். “எனக்குக் குடுக்கலீங்க.” “எனக்கும் இல்லீங்க.” கடைசியாக ஏறியவள் எப்போதும் வாய் திறக்காதவள், அன்றைக்கு அவள்கூட, “எனக்கு இந்தம்மா வந்து களை எடுத்துக் குடுத்தாங்க” என்று சொல்லிவிட்டு அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தாசில்தார் அந்த ஈரத்திலேயே ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து ஆறு பேர் சொன்னதையும் எழுதி வாங்கினார். கைநாட்டு வைக்க எல்லோரும் சேற்றுக் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் காகிதம் இல்லை, ரசீது இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டோம். அம்மா குத்தகைக்காரி என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்த ஆறு பேரின் வேலைதான். அதைத்தான் நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்திருந்தேன். நாற்பது சொற்றொடரில் பெரும்பாலும் கப்பல்காரனோ குதிரைக்காரனோ குத்துச்சண்டைக்காரனோ தன்னந்தனியாக நின்று சமாளிப்பான். வடிகாலில் மார்பளவு தண்ணீரில் நின்று, பேசாதவள் கையிலிருந்தும் தாமரையை வாங்கி எறிகிறவர்களுக்கு அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. அது இங்கிலீஷின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். தேடிப் பார்த்திருந்தால் எங்கேயாவது இருந்திருக்கும். தேடாதவள் நான்.

தை மாதம் பண்ணை அறுப்புக்கு எங்கள் தெருவில் ஒருத்தரையும் கூப்பிடவில்லை. எதிர்பார்த்ததுதான். ஆறு பேரும் அம்மாவும் விடியற்காலையில் கிளம்பி, பக்கத்து ஊர்களுக்கு நடந்து போய் அறுத்துவிட்டு வந்தார்கள். கோடிவீட்டு அத்தை வழியெல்லாம் காரியக்காரரைத் திட்டிக்கொண்டே போவாள், திரும்பும்போதும் விட்ட இடத்திலிருந்து திட்டிக்கொண்டே வருவாள். அதில் நடை தூரமே தெரியாது என்பார்கள் மற்றவர்கள்.

உத்தரவு வந்த அன்று எங்கள் ஐந்து மாவில் அறுப்பு. தபால்காரர் வரப்பு மேலேயே வந்து கொடுத்துவிட்டுப் போனார். தமிழில் டைப் அடித்த இரண்டு தாள். ஏழு பேரும் அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைச் சுற்றி நின்றார்கள். “படி” என்றாள் அம்மா. மேற்படி நிலத்தின் குத்தகைதாரராக, என்று இருந்தது. அதற்கப்புறம் அம்மா பேர், முழுசாக. அப்பா பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இல்லாமல், அவள் பேரிலேயே நிலம் பதிவாகியிருந்தது. அம்மா, “சரியாப் படிச்சியா?” என்று மட்டும் கேட்டாள். சரியாகத்தான் படித்தேன் என்றதும் குனிந்து ஒரு பிடி கதிரை அறுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

கோடிவீட்டு அத்தை தாளை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. “எங்க பேரு இருக்கா அதுல?” என்றாள். கேட்ட விதம் வழக்கமான அத்தை மாதிரி இல்லை. குரலே எழும்பவில்லை.

இரண்டாம் பக்கம் திருப்பினேன். ‘விசாரிக்கப்பட்ட சாட்சிகள்’ என்று போட்டு, ஒன்று முதல் ஆறு வரை. முதலில் அத்தையின் பேர் இருந்தது. படித்தேன். அவள் “ம்” என்றாள். இரண்டாவது பேர், மூன்றாவது பேர். கூப்பிட்ட மாதிரி ஒவ்வொருத்தியும் “ம்” சொன்னாள். நாலாவது பேருக்கு வரும்போது எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது.

“எங்க பேரைப் படிக்கிறதுக்கு நீ எதுக்குடி அழுவுற?” என்றாள் அத்தை. “கண்ணைத் தொடச்சிக்கிட்டு முதல்லேருந்து படி. சத்தமாப் படி, அந்தாண்ட வயக்காரனுக்கும் கேக்கட்டும்.”

முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன், அம்மா பேரிலிருந்து கடைசிப் பேர் வரைக்கும், ஏழு பேரையும்.